பால் கொடுத்தீங்களாம்மா?

நான் என் பெரியம்மாவின் பால் குடித்து வளர்ந்தவள். 1992 ஆடி மாதம், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டிலேயே பிறந்தேன். பிள்ளை வந்துவிட்டது, நஞ்சுக்கொடி வரவில்லை. மருத்துவச்சி வயிற்றைப் பிசைந்து பார்த்தார். ஆச்சி வேண்டாத தெய்வமில்லை. ரத்தம் பாயை நனைத்து, தரையில் ஓடி, நடைப்படி வரைக்கும் வந்தது என்று ஆச்சி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பால் வண்டியில் படுக்க வைத்துத்தான் கோவில்பட்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நஞ்சை எடுத்து, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, அம்மாவைப் பிழைக்க வைத்தார்கள். அம்மாவுக்கு அப்போது வயது 26.

மூன்றாம் நாள் போய், பத்தாம் நாளும் போயிற்று. பால் இறங்கவில்லை. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார்கள். தூத்துக்குடியிலிருந்து சுறா வாங்கிவந்து புட்டு செய்து போட்டார்கள். அண்ணனுக்கு ஒன்றரை வயது வரை குறையில்லாமல் கொடுத்த அதே அம்மாதான். "ரத்தமெல்லாம் போயிட்டுல்லா, பால் எங்கிருந்து வரும்?" என்று ஊர் ஒரு காரணம் சொல்லி அதோடு விட்டுவிட்டது. பெரியம்மாவுக்குக் கையில் எட்டு மாதப் பிள்ளை இருந்தது. அவனுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம்.

அதற்குப் பிறகான 22 வருடங்களை நான் கூடவே இருந்து பார்த்தேன். அம்மாவுக்கு எப்போதும் குளிரும். சித்திரை வெயிலில் போர்வையைப் போர்த்திப் படுத்திருப்பாள். வியர்வை என்பதே கிடையாது. காலையில் எழுவதுதான் பெரிய பாடு. சுவரைப் பிடித்து எழுந்து, கொஞ்ச நேரம் கட்டிலிலேயே உட்கார்ந்து, கண் இருட்டுவது தெளிந்த பிறகுதான் கால் ஊன்றுவாள். தீப்பெட்டி ஆபீசில் மற்றவர்களைவிட வேகமாகக் குச்சி அடுக்கியவள், என் பிரசவத்துக்குப் பின் ஒரு வாரம்கூடச் சேர்ந்தாற்போல் வேலைக்குப் போக முடியவில்லை. புருவத்தின் ஓரம் உதிர்ந்துபோனது. முகம் வெளுத்து, மெல்லிய கோடுகள் விழுந்து, முப்பத்தைந்து வயதில் ஐம்பதுபோலத் தெரிந்தாள். மாதவிலக்கு என் பிரசவத்தோடு நின்றது, திரும்பவே இல்லை. "ரெண்டு பிள்ளை இருக்கு, இனி வந்தா என்ன, வராட்டா என்ன" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அதை எந்த டாக்டரிடமும் யாரும் சொல்லவில்லை. எந்த டாக்டரும் கேட்கவும் இல்லை.

வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் சோம்பேறி. அப்பாவைப் பெற்ற ஆச்சி அதை உரக்கவே சொல்வாள். பதினான்கு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கட்டித்தராத கோபத்தில் நானும் சொன்னேன். அம்மா பதில் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது அவளுக்கு நினைவிருக்கிறதா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக், நரம்புத் தளர்ச்சி என்று ஊசி, மனச்சோர்வு என்று ராத்திரி மாத்திரை. ரொம்ப முடியாமல் போனால் குளுக்கோஸ் பாட்டில். பாட்டில் ஏற்றிய இரண்டு நாள் கொஞ்சம் தெம்பாக இருப்பாள், அப்புறம் பழையபடி. 2011இல் ஒருவர் தைராய்டாக இருக்குமோ என்று டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் எடுக்கச் சொன்னார். 2.9 வந்தது. தாளில் போட்டிருந்த அளவுக்குள் இருந்ததால், தைராய்டு இல்லை என்று எழுதிவிட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2014 ஆரம்பத்தில் வேறொரு கிளினிக்கில், தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-உம் சேர்த்து எடுத்தார்கள். அது நன்றாகவே குறைந்திருந்தது. அதே ஹார்மோனை, தைராக்ஸின் என்ற பெயரில், 100 மைக்ரோகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். கடைசியில் நோய் பிடிபட்டதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் அம்மாவுக்கு வாந்தி, தலைசுற்றல். பன்னிரண்டாம் நாள் காலை அடுப்படியில் விழுந்தவள் கண் திறக்கவில்லை. ஆம்புலன்சில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். ரத்த அழுத்தம் 80/50. சர்க்கரை 56. ரத்தத்தில் சோடியம் 114. அது 135க்குக் கீழே போகவே கூடாதாம்.

அங்கே இரவுப் பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். அம்மாவின் கைகளைத் தூக்கி அக்குளைப் பார்த்தார், ஒரு முடி இல்லை. உள்ளங்கை ரேகைகளையும் ஈறுகளையும் பார்த்தார். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாக இருப்பதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். ஊசி ஏறி அம்மா கொஞ்சம் கண் விழித்ததும் குனிந்து கேட்டார்: "கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். "பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா?" இதற்கு ஆமாம் என்று அசைத்தாள். "அதுக்கப்புறம் வீட்டுக்குத் தூரமே ஆகலையா?" அதற்கும் ஆமாம்தான். 22 வருடம் யாரும் கேட்காத மூன்று கேள்விகள். கேட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஷீஹான் சிண்ட்ரோம் என்ற பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். ஹெரால்ட் ஷீஹான் கிளாஸ்கோவில் ஒரு பிரசவ மருத்துவமனையில் நோய்க்குறியியல் பார்த்தவர். பிரசவத்தில் ரத்தம் கொட்டி இறந்த பெண்களின் உடல்களைப் பரிசோதித்தபோது, மூளைக்கடியில் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் முன்பகுதி செத்துக் கிடப்பதைக் கண்டு 1937இல் எழுதினார். பிழைத்துக்கொண்ட பெண்களில் சிலருக்கும் அதே பகுதி செத்திருக்கும். அவர்கள்தான் என் அம்மாவைப் போல மீதி வாழ்நாளைச் சுவரைப் பிடித்தே கழித்தவர்கள். பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2005இல் வெளியான காஷ்மீர் ஆய்வு ஒன்றில், குழந்தை பெற்ற, 20 வயதைத் தாண்டிய பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் பிரசவித்தவர்கள்.

பள்ளியில் நாளமில்லாச் சுரப்பிகள் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அட்டவணையாக மனப்பாடம் செய்தது எனக்கு நினைவிருக்கிறது. உமிழ்நீருக்கும் வியர்வைக்கும் குழாய் உண்டு. இந்தச் சுரப்பிகளுக்குக் குழாய் கிடையாது, நேராக ரத்தத்தில் கலந்துவிடும். அப்படிக் கலந்து தூரத்தில் இருக்கும் உறுப்பை வேலை வாங்குவதற்கு 1905இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் வைத்த பெயர்தான் ஹார்மோன். தூண்டிவிடுவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். பிட்யூட்டரி என்று நான் எழுதிப் பார்த்த கட்டத்துக்கு எதிரே இருந்த ஒவ்வொரு வரியும் வீட்டில் என் அம்மாவின் உடம்பில் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுதான், அரை கிராம் எடை. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், குதிரைச் சேணம்போல் குழிந்த ஓர் எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. கர்ப்பத்தின்போது, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினைத் தயாரிக்கும் செல்கள் பெருகுவதால், அது மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும். ஆனால் அதற்கு வரும் ரத்தம் மேலே, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்து மெல்லிய குழாய்கள் வழியாக, குறைந்த அழுத்தத்தில் வருவது. சுரப்பி பெருத்து, பசி கூடியிருக்கும் நேரத்தில் தாயின் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால், முதலில் பட்டினி கிடப்பது இந்த முன்பகுதிதான். பின்பகுதிக்கு வேறு தமனி இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துவிடும்.

ஊர் சொன்னது பாதி உண்மை என்று இதைக் கேட்டபோது நினைத்தேன். ரத்தம் போனதால்தான் பால் போனது. பால் மட்டும் போகவில்லை. புரோலாக்டின் இல்லாததால் பால் இல்லை. சினைப்பையை இயக்கும் இரண்டு ஹார்மோன்கள் இல்லாததால் மாதவிலக்கு இல்லை. தைராய்டைத் தூண்டுவது போதவில்லை, அதனால் அந்தக் குளிர். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் இல்லாததால், அட்ரினல் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் இல்லை. மற்றவையெல்லாம் இல்லாமல் இழுத்துக்கொண்டு போகலாம். கார்ட்டிசால் இல்லாமல் ஒரு காய்ச்சலைக்கூடத் தாண்ட முடியாது.

அந்த டாக்டர் ஈறையும் உள்ளங்கையையும் ஏன் பார்த்தார் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அட்ரினலே கெட்டுப்போனால், அதை எழுப்பப் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ அள்ளி விடும். அதனால் தோல் கறுக்கும், ஈறும் ரேகையும் கறுக்கும். அம்மாவோ வெளுத்திருந்தாள். அப்படியானால் கோளாறு அட்ரினலில் இல்லை, அதற்கு மேலே. பொட்டாசியம் சரியாக இருந்ததும் அதையே சொன்னது. உப்பைக் காத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் அட்ரினலில்தான் சுரக்கிறது, ஆனால் அதைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சிறுநீரகம். பிட்யூட்டரி போனாலும் அது நிற்காது. எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன்பே, கண்ணாலும் இரண்டு எண்களாலும் அவர் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எம்.ஆர்.ஐ.யில் அந்தச் சேணம் காலியாக இருந்தது.

இப்போது அந்த 2011ஆம் வருடத் தாள். 2.9 எப்படிச் சரியானது? தவறாக எடுக்கவில்லை. படித்த விதம்தான் தவறு. எங்கள் வீட்டில் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் போடும்போது ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் கீழே சுவிட்ச் பக்கம். தண்ணீர் குறைந்தால் மேலே இருப்பவர் "போடு" என்று கத்த வேண்டும், நிறைந்தால் "நிறுத்து" என்று கத்த வேண்டும். தைராய்டு மோட்டார் என்றால், மேலே நின்று கத்துகிறவர் பிட்யூட்டரி, அந்தக் கத்தல்தான் டி.எஸ்.எச். தைராய்டு கெட்டவர்களுக்குக் கத்தல் அதிகமாகும், டி.எஸ்.எச். பத்து, இருபது என்று ஏறும். அதனால்தான் கத்தலை மட்டும் அளந்தால் போதும் என்று ஆகிவிட்டது. என் அம்மாவுக்குத் தொட்டி காய்ந்து கிடந்தது, மோட்டார் நன்றாக இருந்தது, கத்த வேண்டியவருக்குத்தான் குரலை உயர்த்த முடியவில்லை. தொட்டி காய்ந்திருக்கும்போது சத்தம் சாதாரணமாக இருந்தால், அந்தச் சாதாரணமே நோய். தொட்டியை, அதாவது டி4-ஐ, எட்டிப் பார்த்தால்தான் அது தெரியும். 2011இல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

2014இல் எட்டிப் பார்த்தவர்கள் அடுத்த படியைத் தவறவிட்டார்கள். டி4 குறைந்திருக்க டி.எஸ்.எச். ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தால் பிட்யூட்டரிக்கு வந்திருப்பார்கள், கார்ட்டிசாலைப் பார்த்திருப்பார்கள். தைராக்ஸின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கார்ட்டிசாலையும் சீக்கிரம் கரைத்துவிடும். மிச்சமிருந்த துளியில் 22 வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தத் துளியும் போனது. முதலில் கார்ட்டிசால், பிறகே தைராக்ஸின். இந்த வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. யார் மேலும் வழக்குப் போட எனக்கு எண்ணமில்லை. ஆனால் இந்த ஒரு வரி எல்லாக் கிளினிக் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் ரத்தத்தில் காலை எட்டு மணிக் கார்ட்டிசால் வெறும் 1.1தான் இருந்தது. அந்த நேரத்தில் அதுதான் ஒரு நாளின் உச்சியாக இருக்க வேண்டும். நாம் தூங்கும்போதே, பின்னிரவில் கார்ட்டிசால் ஏற ஆரம்பித்து, விழிக்கும் நேரத்துக்கு உச்சிக்கு வந்து, நடுராத்திரியில் அடங்கும். அம்மாவுக்கு ஏன் காலைதான் மோசமாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. நமக்கெல்லாம் விடிவதற்கு முன்பே உடம்பு விளக்கேற்றி வைத்துவிடுகிறது. அவள் 22 வருடம் ஒவ்வொரு நாளும் இருட்டுக்குள்ளிருந்து எழுந்திருக்கிறாள்.

ஹைட்ரோகார்ட்டிசோன், அதாவது மருந்தாகச் செய்த கார்ட்டிசால், ஊசியாகப் போட்ட இரவு எனக்கு மறக்காது. கார்ட்டிசால் இல்லாதவர்கள் உடம்பில் தண்ணீர் தேங்கிவிடும், சோடியம் குறைவதே அதனால்தான். ஊசி ஏறியதும் அந்தத் தண்ணீரெல்லாம் சிறுநீராக இறங்க ஆரம்பித்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துச் சோடியத்தைப் பார்த்தார்கள். வேகமாக ஏறினால் மூளைக்கு ஆபத்து என்றார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மா தானாக எழுந்து உட்கார்ந்தாள். "ஏளா, பசிக்கு" என்றாள். அம்மா பசிக்கிறது என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இந்த மருந்துக்கும் வயது அதிகமில்லை. அட்ரினலில் கண்டறியப்பட்ட, கார்ட்டிசாலுக்கு நெருங்கிய உறவான கார்ட்டிசோனை 1948இல்தான் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு 1950இல் நோபல் பரிசு. கிளாஸ்கோவில் ஷீஹான் பார்த்த பெண்களுக்கு அது கிடைத்திருக்காது. ஆச்சியின் தலைமுறையிலும் வாசலில் ரத்தம் ஓடிப் பிழைத்து, பிறகு காரணம் தெரியாமல் ஒரு வயிற்றுப்போக்கில் போனவர்கள் எத்தனை பேரோ.

இப்போது அம்மாவின் நாள் ஐந்தரை மணிக்கு ஆரம்பிக்கிறது. வெறும் வயிற்றில் தைராக்ஸின் 75 மைக்ரோகிராம், ஹைட்ரோகார்ட்டிசோன் 10 மில்லிகிராம். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டோடு இன்னொரு 5 மில்லிகிராம். நான் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறவள், ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: ஒரே ஒரு கிராம் தைராக்ஸின் அம்மாவுக்கு 36 வருடம் வரும். இரண்டு மூன்று சிட்டிகை உப்பின் எடைதான். குளிர், மந்தம், வறண்ட தோல், மூளையில் படிந்திருந்த புகை எல்லாவற்றுக்கும் மாற்று இவ்வளவுதான்.

இரண்டு மாத்திரைக்கும் சுபாவம் வேறு. தைராக்ஸின் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒருநாள் மறந்தால் அம்மாவுக்குத் தெரிவதேயில்லை. கார்ட்டிசால் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலை மாத்திரை தவறினால் மதியத்துக்குள் முகம் வாடிவிடும். அதோடு, நம் உடம்பு காய்ச்சல் வந்தால் தானே கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அதை நாங்கள்தான் செய்ய வேண்டும். காய்ச்சல் என்றால் இரண்டு மடங்கு. வாந்தியெடுத்து மாத்திரை நிற்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி, உடனே ஆஸ்பத்திரி. அவள் கைப்பையில் நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்த அட்டை இருக்கிறது. 2018இல் பல் பிடுங்கப் போனபோது அம்மாவே அதை எடுத்து நீட்டினாள் என்று அண்ணன் சொன்னான்.

எல்லாம் திரும்பி வரவில்லை. 22 வருடம், சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் இருந்த எலும்புகள் மெலிந்துவிட்டன. 2016இல் வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு ஒடிந்தது. ஆனால் அந்த வருடம் அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம், "ஃபேனைக் கூட்டி வையி, புழுங்குது" என்றாள். கழுத்தில் வியர்வை. நான் தொட்டுப் பார்த்தேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் எப்போதும் முடியாமல் படுத்திருக்கும் அம்மாவோ சித்தியோ அத்தையோ இருந்தால், கடைசிப் பிரசவம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். ரத்தம் அதிகம் போனதா, பால் வந்ததா, அதன்பின் மாதவிலக்கு வந்ததா? பதில் என் அம்மாவுடையதைப் போல இருந்தால், டி.எஸ்.எச். மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். டி4-உம் காலைக் கார்ட்டிசாலும் எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

2020இல் எனக்குப் பிரசவம். பிள்ளை வெளியே வந்த உடனே நர்ஸ் தொடையில் ஓர் ஊசி போட்டார். ஆக்சிடோசின், 10 யூனிட். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தத்தை நிறுத்தும் ஹார்மோன். நம் உடம்பில் அதை வெளியே விடுவது பிட்யூட்டரியின் பின்பகுதி, அம்மாவுக்குத் தப்பித்ததே அந்தப் பகுதி. குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து. 1992இல் எங்கள் ஊர் மருத்துவச்சியிடம் அந்த ஊசி எப்படி இருந்திருக்கும்?

வார்டுக்கு வந்ததும் அம்மா பிள்ளையைப் பார்க்கவில்லை. நர்ஸைப் பார்த்து, "ரத்தம் எவ்வளவு போச்சும்மா?" என்றுதான் கேட்டாள். சாதாரண அளவுதான் என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு இரவு தூங்கவில்லை. நஞ்சு வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் விழும், அதுவரை அது தடுத்து வைத்திருந்த புரோலாக்டின் வேலையை ஆரம்பிக்கும், பால் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்று நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் விடியற்காலை, அவள் மாத்திரை போடும் நேரம், நெஞ்சு கனத்து நான் விழித்தேன். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து என் நைட்டியின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நனைஞ்சிருக்குளா" என்றாள். அப்புறம்தான் பிள்ளையை எடுத்தாள்.